நிற்காத கண்

தேவிப்பிரியாவின் கண்கள் ஓரிடத்தில் நிற்காது. எதிரே இருப்பவர் பேசிக்கொண்டிருப்பார். அவளும் கேட்டுக்கொண்டுதான் இருப்பாள். கண் மட்டும் அவர் காதோரம் போய், பின்னால் தொங்கும் காலண்டரைத் தொட்டு, மின்விசிறியில் ஏறி இறங்கி, மறுபடி முகத்துக்கு வந்து சேரும். புதிதாகப் பார்க்கிறவர்கள் தங்களுக்குப் பின்னால் யாரோ வந்து நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பழகியவர்கள் திரும்புவதில்லை.

அவளுடைய வேலை, பார்ப்பது.

அவிநாசி சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், குழந்தைகளின் உடுப்புகளைத் தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் பனியன் கம்பெனியில் அவள் செக்கிங்கில் இருக்கிறாள். தைத்து முடிந்த எந்தப் பீஸும் இஸ்திரிக்குப் போகும் முன் அங்கே ஒருத்தியின் கையைக் கடந்தாக வேண்டும். வெள்ளை விளக்குகளின் கீழே நீள மேசைகள், இருபுறமும் பெண்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், நிறம் மாறிய கை என்று எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கரை ஒட்டித் தனியே தள்ள வேண்டும். நல்ல பீஸ் என்றால் உள்பக்கம் தன் நம்பர் அச்சடித்த சின்ன வட்ட ஸ்டிக்கர். அந்த நம்பர் ஒட்டிய பிறகு அந்தத் துணியை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. நேராக இஸ்திரி, மடிப்பு, உறை, பெட்டி, கப்பல்.

இந்த வேலைக்கு வருவதற்கு முன் அவள் எதிலும் நிலைத்ததில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் சுவரில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்து, மணி அடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டு நிற்கச் சொன்னார். அவள் நிஜமாகவே பார்த்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். புள்ளியைச் சுற்றி உரிந்திருந்த சுண்ணாம்பு, ஆணி பிடுங்கிய துளை, ஆணித் துளைக்குள் போய் வந்த எறும்பு எல்லாம் தெரிந்தன.

"பாக்கறயா?"

"பாக்கறனுங்க டீச்சர்."

"பொய் வேற."

அந்தச் சொல் அவளோடு வளர்ந்தது. பால் பொங்கி வழிந்தபோது அம்மா கேட்டாள், பாத்துக்கிட்டுத்தான இருந்தே? காயப்போட்ட கடலைக்காயில் ஆடு வாய் வைத்தபோது அப்பா கேட்டார். ஒவ்வொரு முறையும் அவள் ஆமாம் என்றாள். ஆமாம் என்பது உண்மை மாதிரியும் இருந்தது, பொய் மாதிரியும் இருந்தது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. பனியன் கம்பெனிக்கு வந்தாள். ஓவர்லாக் மெஷினில் உட்கார்த்தினார்கள். எதிர் வரிசையில் யாரோ சிரித்தார்கள். கண் அங்கே போய்த் திரும்புவதற்குள் ஊசி நகத்தில் இறங்கி மறுபக்கம் வந்திருந்தது. அந்த நகம் இன்றும் இரண்டாகப் பிளந்துதான் வளர்கிறது.

விரல் ஆறும்வரை சும்மா இருக்க வேண்டாம் என்றுதான் செக்கிங்குக்கு அனுப்பினார்கள். அங்கே சூப்பர்வைசர் ஒச்சம்மாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து திருப்பூரிலேயே வேர்பிடித்த பெண். வாய் பெரிது. முதல் வாரம் முழுக்க அந்த வாய்க்குத் தீனி தேவிப்பிரியாதான்.

"ஏத்தா, ஒன் கண்ணென்ன பஸ் ஸ்டாண்டா? ஒண்ணு வந்தா ஒண்ணு கெளம்புது!"

மேசை முழுக்கச் சிரித்தது. தேவிப்பிரியாவும் சிரித்தாள். ஆனால் வீட்டுக்குப் போகும் வேனில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து யோசித்தாள். கண்ணை நிறுத்த முடியாது. அதை அவள் சின்ன வயதிலேயே முயன்று பார்த்துத் தோற்றுவிட்டாள். வேறு எதை நிறுத்த முடியும்?

விரலை நிறுத்த முடியும்.

அதிலிருந்து அவளுடைய வழி பிறந்தது. யாரும் சொல்லித் தந்ததில்லை. பிளந்த நகமுள்ள பெருவிரலைக் கழுத்துப் பட்டியில் வைப்பாள். "கழுத்து" என்று வாய்க்குள் சொல்வாள். கண் எங்கே போயிருந்தாலும் அந்தச் சொல்லுக்கு விரலிடம் திரும்பி வரும். வந்ததும் விரல் நகரும். "தோளு." நகரும். "கையி. அக்குளு. பக்கம். அடிமடிப்பு." ஆட்டை முளைக்குச்சியில் கட்டிவிட்டால் கயிற்றின் நீளத்துக்கு மேய்ந்துவிட்டு அதுவாகக் குச்சிக்கு வரும். அப்படித்தான். சொல் முடிந்தும் கண் வந்து சேரவில்லை என்று தோன்றினால் அந்தப் பீஸை உதறி, மறுபடி கழுத்திலிருந்து தொடங்குவாள். இதனால் மற்றவர்களைவிடக் கொஞ்சம் மெதுவு. எதிரே உட்காருகிறவர்களுக்கு அது மந்திரம் முணுமுணுப்பது போலக் கேட்கும். "சாமியாரம்மா" என்று ஒரு பட்டப்பெயரும் வந்தது. அவள் பொருட்படுத்தவில்லை. அவள் நம்பர் ஒட்டிய பீஸ் திரும்பி வருவது குறைந்தது. பிறகு அபூர்வமாயிற்று. ஒச்சம்மாள் முக்கியமான ஆர்டர் வந்தால் முதல் துணிக்கட்டை அவள் முன்னால் போட ஆரம்பித்தாள். வாய் மட்டும் அடங்கவில்லை.

கண்ணால் பட்ட வேறு கஷ்டங்களையும் அவள் இப்படியே சமாளித்தாள். ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொள்ளவில்லை. "நானு ரோட்டப் பாத்தாலும் கண்ணு ரோட்டுல நிக்காது" என்பாள். டிபன் பாக்ஸை வேனில் மறந்துவிட்டுப் போவாள் என்பதால் டிரைவரே அதை எடுத்து வைத்திருப்பார். இஸ்திரிப் பெட்டியின் வயர் கருகி முதல் புகை எழுந்த நாளில் அதைக் கண்டவள் அவள்தான். அன்று யாரும் பஸ் ஸ்டாண்டைப் பற்றிப் பேசவில்லை.

தவறு நடந்தது குழந்தை உடுப்பு ஒன்றில். கழுத்திலிருந்து கால்வரை ஒன்றாகத் தைத்த உடுப்பு. டயபர் மாற்ற வசதியாகக் கவட்டில் வரிசையாக டிச் பட்டன்கள், அமுக்கினால் டிக் என்று பூட்டிக்கொள்ளும் உலோகப் பட்டன்கள். சரக்கு முழுவதும் பெட்டியில் அடைத்தாகிவிட்டது. வாங்குகிற கம்பெனியின் சார்பில் சோதிக்க வந்தவர் ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு பீஸை எடுத்து, பட்டனைச் சும்மா இழுத்தார். மேல் மூடி அவர் விரலோடு வந்துவிட்டது.

அவர் அதை மேசையில் வைத்தார். சரக்கு முழுவதையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்.

முதலாளி ஈஸ்வரமூர்த்தி செக்கிங்குக்கு வந்தார். காலையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டுத்தான் கம்பெனிக்கு வருகிற மனிதர். கத்த மாட்டார். கோபம் வந்தால் மரியாதை கூடிவிடும். வயதில் சின்னவர்களை வாங்க போங்க என்று அழைக்க ஆரம்பித்தால் எல்லாரும் சுவர் ஓரம் ஒதுங்குவார்கள்.

"இது யாரு நம்பருங்க?"

ஒச்சம்மாள் உடுப்பின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். "நம்ம தேவிப்பிரியாவுதுங்கய்யா."

"ஏனுங்க அம்மிணி, இதப் பாத்தீங்களா, இல்லீங்களா?"

செக்கிங்கில் இந்தக் கேள்விக்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. பாத்தனுங்க. அதைக் கேட்டால் முதலாளி பட்டன் அடிக்கிறவனிடம் போவார். பட்டன் அடிக்கிறவன் மெஷினைச் சொல்வான். மெக்கானிக் ஸ்பேரைச் சொல்வான். டீ வருவதற்குள் விஷயம் கம்பெனி வாசலைத் தாண்டிப் போய்விடும். அந்தப் பதிலை யாரும் பொய் என்று நினைப்பதில்லை. வணக்கம் சொன்னால் வணக்கம் சொல்வது போல அது ஒரு வழக்கம்.

தேவிப்பிரியா அந்த உடுப்பைக் கையில் வாங்கினாள். நினைவுபடுத்திப் பார்த்தாள். விரல் போயிருக்கும். வாயும் "பட்டன்" என்று சொல்லியிருக்கும். கண் வந்ததா?

"தெரியலீங்க" என்றாள்.

"தெரியலீன்னா?"

"பாத்திருப்பனுங்க. பாக்காமயும் இருந்திருப்பனுங்க. அடிச்சுச் சொல்லத் தெரியலீங்க."

மேசையில் கத்திரிக்கோல்கள் நின்றன. அந்த அறையில் இதற்கு முன் யாரும் அப்படிச் சொன்னதில்லை. ஈஸ்வரமூர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார். அவள் கண்கள் அவர் தோளைத் தாண்டி எங்கோ ஓடிக்கொண்டிருந்தன. அவருக்கு அது அலட்சியம் போலப் பட்டிருக்க வேண்டும்.

"கொழந்தைங்க வாயில வெச்சுக் கடிக்கற துணிங்க. பாக்கறவங்களே தெரியலீன்னா எப்புடீங்க?"

அவர் கேட்டதில் தவறில்லை. அவளுக்கும் அது தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை கம்பெனி முற்றத்தில் கண் பரிசோதனை முகாம் நடக்க இருந்தது. அதில் என்ன சொல்கிறார்களோ பார்த்துக்கொள்ளலாம், அதுவரை தையலில் நீட்டி நிற்கும் நூல் பிசிறு வெட்டட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒச்சம்மாள் அவள் முன்னால் இருந்த வட்ட ஸ்டிக்கர் சுருளை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டு மூடினாள்.

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொன்னா வாய் வெந்தா போகும்? கோட்டிக்காரி."

திருமுருகன்பூண்டியில் அவர்கள் வீடு. கணவன் இளங்கோ அங்கே ஒரு சிற்பப் பட்டறையில் சிலைகளுக்கு மெருகு போடுகிறான். சாயங்காலம் கல்தூசியோடு வந்து, வாசலில் கால் கழுவிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டான்.

"உனக்குக் கண்ணு தொறந்த ஆளு டீக்குப் போற அவசரத்துல இருந்திருப்பான் புள்ள. எங்க பட்டறைச் சாமியப் பாரு. ஒருக்கா உளி வெச்சாப் போதும், ஆயுசுக்கும் அசையாது."

"வெளையாடாதீங்க."

"செரி, வெளையாடல. பாத்தேன்னு சொல்லிப்போட்டு வந்திருக்கலாமில்ல? எல்லாரும் சொல்றதுதான?"

"சின்னப் புள்ளையில இருந்து சொல்லிச் சொல்லித்தானுங்க பொய்க்காரின்னு பேரு வாங்குனேன். இந்த ஒரு எடத்துலதான் அதச் சொல்லாம இருந்தேன். விரலும் கண்ணும் ஒண்ணாச் சேந்தாத்தான் நம்பர ஒட்டறது. அது எனக்கு நானே வெச்சுக்கிட்டது."

"பிசிறு வெட்டறதும் வேலதான?"

"வேலதான். ஆனா அங்க யாரும் என்னைய நம்ப வேண்டியதில்லீங்க." அவள் கண் அவன் கையிலிருந்த துண்டுக்குப் போய், சுவர்ப்பல்லிக்குப் போய், திரும்பியது. "என்ற நம்பர் ஒட்டிட்டா அப்பறம் ஒருத்தரும் பிரிச்சுப் பாக்கறதில்ல. என்ற கண்ண நம்புன எடம் உலகத்துலயே அது ஒண்ணுதானுங்க. அதையும் உட்டுட்டா எனக்கு என்ன இருக்குது?"

இளங்கோ துண்டை உதறினான். "அப்ப அந்த மேசைக்குத் திரும்பிப் போற வழியப் பாரு" என்றான்.

முகாமுக்கு வந்திருந்த கண் பரிசோதகர் நித்யஸ்ரீ. சாமளாபுரத்துப் பெண், தறிச் சத்தத்தில் வளர்ந்தவள், அதனால் கொஞ்சம் உரக்கப் பேசுவாள். எழுத்து அட்டையைக் காட்டினாள். தேவிப்பிரியா கடைசி வரிவரை தடுமாறாமல் படித்தாள்.

"நல்லாருக்குக்கா. இப்ப இந்தப் பேனா முனைய மட்டும் பாருங்க."

பார்த்தாள்.

"பேனாவப் பாருங்கக்கா."

"பாக்கறனுங்க மேடம்."

சொன்னதும் அவளுக்குப் பள்ளிக்கூடச் சுவர் ஞாபகம் வந்தது. சாக்பீஸ் புள்ளி. இதோ அடுத்ததாக அந்தச் சொல் வரப்போகிறது.

வரவில்லை. நித்யஸ்ரீ பேனாவை இறக்கவில்லை. இந்தப் பக்கம் கொண்டு போனாள், அந்தப் பக்கம் கொண்டு போனாள். சின்ன விளக்கை அடித்துப் பார்த்தாள். "சில பேருக்குக் கண்ணு ஊஞ்சல் மாதிரி ஒரே சீரா ஆடும். அது வேற சீக்கு. உங்களுக்கு அது இல்ல. நீங்க பாக்கறீங்க. கண்ணு நடுவால துள்ளித் துள்ளிப் போயிட்டு வருது." பிறகு கண்ணுக்குச் சம்பந்தமில்லாத கேள்விகள் கேட்டாள். பொருட்களைத் தொலைப்பீர்களா? பேச்சின் நடுவில் விட்டுப்போகுமா? அடுப்பில் எதையாவது வைத்துவிட்டு மறப்பீர்களா? சின்ன வயதிலிருந்தேவா?

"டிபன் பாக்ஸக் கேட்டுப் பாருங்க, கதை கதையாச் சொல்லும்."

நித்யஸ்ரீ சிரித்தாள். வரிசையில் பின்னால் நின்றவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை நெருக்கிப் போட்டாள்.

"ஒண்ணு சொல்றேன் கேளுங்க. ஒரே எடத்தப் பாக்கறோம்னு நாம நெனைக்கறப்பக்கூட யாரு கண்ணும் கல்லு மாதிரி நிக்கறதில்ல. நமக்கே தெரியாம குட்டிக் குட்டியாத் துள்ளும். அதக் கட்டுப்படுத்த முடியாது. ஏதோ ஒண்ணு வரப்போகுதுன்னு காத்திருக்கறப்ப மட்டும் நெறையப் பேருக்கு அந்தத் துள்ளல் தானா அடங்கும். கவனம் நிக்காத சுபாவம் சில பேருக்குப் பொறப்புலயே இருக்கும். அவங்களுக்கு அந்த நேரத்துல அவ்வளவா அடங்கறதில்லன்னு கருவி வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அவங்க சோம்பேறி இல்ல. முயற்சி பண்றாங்க. கண்ணு கேக்க மாட்டேங்குது."

"எனக்கு அதுதானுங்களா?"

"அத நான் சொல்லக் கூடாது. கண்ண மட்டும் வெச்சு யாரும் சொல்ல முடியாது. நான் வெறும் கண்ணாலயே பாத்திருக்கேன், கருவிகூட இல்ல. கோயமுத்தூர்ல மனநல டாக்டர் இருக்காங்க, பேசிப் பாத்துச் சொல்வாங்க. மனநலம்னதும் பயப்படாதீங்க."

தேவிப்பிரியா பயப்படவில்லை. அவள் வேறு ஒன்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப நானு பாக்காம இருக்கலீங்க."

"இல்லக்கா. நீங்க பாக்கறீங்க."

"இன்னொருக்காச் சொல்லுங்க. எப்ப அடங்காது?"

"காத்திருக்கறப்ப."

அவள் பெருவிரலைப் பார்த்தாள். பிளந்த நகத்தின் மேல் கண் ஒரு கணம் உட்கார்ந்து எழுந்தது.

பிசிறு வெட்டும் இடத்துக்குப் போய் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமையும் அரை ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கத்திரிக்கோலை எடுக்காமல், மேசையில் கிடந்த ஒரு குழந்தை உடுப்பை எடுத்தாள். கழுத்து, தோளு, கையி, அக்குளு, பக்கம். விரல் ஓடிக்கொண்டே இருந்தது, கண் போய்ப் போய் வந்தது. அடுத்தது பட்டன். அதற்கு உடுப்பைப் புரட்டி, இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இடது கை புரட்டியது. வலது பெருவிரல் சும்மா நின்றது.

அங்கேதான்.

விரல் காத்திருக்கிற இடம் அது ஒன்றுதான். முளைக்குச்சியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டைத் தேடுகிற நேரம். இதற்கு முன் வந்த குழந்தைப் பனியன்களில் பட்டன் கிடையாது, புரட்டவும் வேண்டாம். அதனால் இத்தனை நாள் தெரியவில்லை. அவள் மறுபடி புரட்டினாள். இந்த முறை விரலை நிற்க விடாமல் முதல் பட்டனுக்கே நேராகக் கொண்டுபோய், நகத்தை மூடிக்கு அடியில் கொடுத்து நெம்பி இழுத்தாள். பட்டன் அசையவில்லை. அடுத்தது. அடுத்தது. இழுக்கிறபோது கண் எங்கே இருந்தாலும் கவலையில்லை. விரல் சொல்லிவிடும்.

திங்கட்கிழமை ஈஸ்வரமூர்த்தி கண் பரிசோதனை அட்டையை வாங்கிப் பார்த்தார். நல்ல பார்வை என்று போட்டிருந்தது. அவருக்கும் நிம்மதிதான். நிறுத்திய சரக்கு முழுவதையும் திரும்பப் பிரித்துச் சோதிக்க வேண்டியிருந்தது, ஆள் பற்றவில்லை.

"கண்ணு நல்லாருக்குதுன்னு போட்டிருக்குது அம்மிணி. போ, மேசைக்குப் போ."

கதவு திறந்தாகிவிட்டது. வாயை மூடிக்கொண்டு போயிருந்தால் போதும். அவளும் இரண்டு எட்டு வைத்தாள். பிறகு திரும்பி வந்தாள்.

"கண்ணு நல்லாருக்குதுங்க. ஆனா நிக்காதுங்க. இனியும் நிக்காது."

கதவருகே நின்றிருந்த ஒச்சம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யா, இவளுக்கு நாக்குல சனி."

"இரு ஒச்சம்மா. நீ சொல்லு கண்ணு."

அவள் சொன்னாள். புள்ளி, விரல், காத்திருக்கும் நேரம், கண் பார்த்த பெண் சொன்னது எல்லாம். கோர்வையாக வரவில்லை. நடுவில் ஒருமுறை எங்கே விட்டோம் என்று அவளுக்கே மறந்துபோய், முதலாளியே எடுத்துக் கொடுத்தார். கடைசியில் கேட்க வந்ததைக் கேட்டாள். பட்டன் உள்ள பீஸ்களில் ஒவ்வொரு பட்டனையும் இழுத்துப் பார்க்க அவளை விட வேண்டும். அதற்கு நேரம் பிடிக்கும். அவசரப்படுத்தக் கூடாது. அது முடியாதென்றால் பிசிறே வெட்டுகிறாள். அப்போது அவள் முகத்தில் இருந்த தைரியத்தை ஒச்சம்மாள் பிறகு பலரிடம் சொல்லியிருக்கிறாள்.

ஈஸ்வரமூர்த்தி கொஞ்ச நேரம் அட்டையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். "ஒரு நாள் பாக்கலாம்" என்றார்.

ஒச்சம்மாள் இழுப்பறையைத் திறந்தாள். ஆனால் தேவிப்பிரியாவின் சுருளை எடுக்கவில்லை. தன் நம்பர் சுருளை எடுத்து அவள் முன்னால் போட்டாள். "இன்னிக்கு நீ பாக்கறதுக்கெல்லாம் என் நம்பர ஒட்டு. தப்பு வந்துச்சு, வாங்கிக் கட்டிக்கிறவ நானு. நெனப்புல வச்சுக்க."

பெட்டிகளைப் பிரித்தார்கள். மேசையின் மறுகோடியில் மற்றவர்கள் எப்போதும் போல விரித்துப் பார்த்து, திருப்பிப் பார்த்து, அடுக்கிக்கொண்டே போனார்கள். தேவிப்பிரியாவின் அடுக்கு மட்டும் உயரவே இல்லை. கழுத்து, தோளு, கையி. புரட்டினாள். நெம்பினாள். யாரோ "சாமியாரம்மா இப்ப முள்ளெடுக்கறாங்க" என்றார்கள். அவள் நிமிரவில்லை.

டீ வருகிற நேரத்தில் ஒரு மூடி கழன்று மேசையில் உருண்டது.

அவள் அந்த இடத்தில் சிவப்பு அம்பை ஒட்டினாள். உள்பக்கம் திருப்பினாள். பழைய நம்பர் ஒட்டியிருந்தது. அவளுடையது அல்ல. அவள் அதைத் தனியே வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். ஒச்சம்மாள்தான் வந்து தூக்கிப் பார்த்தாள். ஆள் குறைந்த ஒரு நாளில் அவளே மேசையில் உட்கார்ந்து பார்த்த பீஸ் அது.

"ஆத்தாடி, இது என் நம்பருல்ல!"

மேசையில் யாரும் சிரிக்கவில்லை.

"நான் பாத்தேனே. இந்தக் கண்ணால பாத்தேன்."

"பாத்திருப்பீங்கக்கா" என்றாள் தேவிப்பிரியா. "பாத்தாத் தெரியாதுங்க இது. பூட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்கும். இழுத்தாத்தான் வரும்."

ஒச்சம்மாள் அந்த மூடியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு கட்டைப் பிரித்து, முதல் பட்டனை நெம்பினாள். எதிரே இருந்தவளும் நெம்பினாள். கொஞ்ச நேரத்தில் அறை முழுக்க டிக் டிக் என்று கேட்டது, ஓட்டு வீட்டில் முதல் மழை விழுவது போல. சாயங்காலத்துக்குள் இன்னும் சில மூடிகள் வந்தன. பல நம்பர்களில். தேவிப்பிரியாவின் நம்பரிலும் ஒன்று. மெக்கானிக் பிரித்துப் பார்த்தபோது தெரிந்தது: காலையில் சரியாக இருக்கும் பட்டன் மெஷினின் அச்சு, சூடேறிய பிறகு சில நாட்கள் தளர்ந்திருக்கிறது. எல்லாரும் பார்த்திருந்தார்கள். பார்த்து ஆகிற காரியமாக அது இல்லை.

மறுநாள் மத்தியானம் ஈஸ்வரமூர்த்தி வந்து கேட்டார். "என்ன ஒச்சம்மா, பாத்தாச்சா?"

இத்தனை வருடமாக அவள் பாத்தாச்சுங்கய்யா என்றுதான் சொல்லியிருக்கிறாள். வாய் அப்படித்தான் திறந்தது. நின்றது.

"தெரியலைங்கய்யா. இன்னும் ஒரு பெட்டி இருக்கு. இழுத்து முடிச்சுட்டுச் சொல்றோம்."

அவர் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ஒச்சம்மாள் இழுப்பறையிலிருந்து பழைய சுருளை எடுத்துத் தேவிப்பிரியாவின் முன்னால் எறிந்தாள்.

"இந்தா, ஒன் நம்பரு. எனக்கு எதுக்கு அது, பாரம்."

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. கோயமுத்தூர் டாக்டர் கொடுத்த தேதியைத் தேவிப்பிரியா முதல் தடவை மறந்துவிட்டாள். இரண்டாம் தடவை இளங்கோ பட்டறையில் விடுப்புச் சொல்லிவிட்டுக் கூடவே போனான். டாக்டர் நிறையப் பேசினார், நிறையக் கேட்டார், அவள் அம்மாவைக்கூட போனில் அழைத்து விசாரித்தார். நித்யஸ்ரீ சொன்ன சுபாவம்தான் என்றார். மாத்திரை உண்டு, எடுத்துப் பார்க்கலாம், யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அவள் யோசித்துக்கொண்டிருக்கிறாள். அம்மா மட்டும் அன்று போனை வைத்த பிறகு மறுபடி அழைத்து, "அன்னிக்குப் பால் பொங்குனப்ப நீ அங்கதான் இருந்தே, எனக்குத் தெரியும் சாமி" என்றாளாம். அதை இளங்கோவிடம் சொல்லும்போது தேவிப்பிரியாவின் கண் வாசல், விளக்கு, அவன் முகம் என்று சுற்றிவிட்டு, எங்கேயும் நிற்காமல் நிறைந்தது.

போன வாரம் புதிய ஆர்டருக்காக ஒருவர் செக்கிங்கைப் பார்வையிட வந்தார். தேவிப்பிரியாவின் எதிரே நின்று, எப்படிச் சோதிக்கிறீர்கள் என்று கேட்டார். அவள் விளக்கிக்கொண்டிருந்தாள். அவர் நடுவில் சட்டென்று திரும்பித் தன் பின்னால் பார்த்தார். யாரும் இல்லை. மறுபடி திரும்பினார்.

"அங்கிட்டு ஒருத்தரும் இல்ல சார்" என்றாள் ஒச்சம்மாள். "அது பாத்துக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க கேளுங்க."